பிள்ளைக்காம்பராவில் ஒத்திகை

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராதான் பின்னேரங்களில் என் வகுப்பறை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு அங்கே பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். ஹட்டனில் மூன்று நாள் பயிற்சிக்குப் போனபோது, பிள்ளைகள் சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் போதாது, தாங்களே செய்து பார்த்துப் படிக்க வேண்டும் என்றார்கள். படம் வரைந்து எழுத ஒரு கட்டு பெரிய டிமை தாளோடும் தலைகால் புரியாத உற்சாகத்தோடும் திரும்பினேன்.

பதினோராம் வகுப்பில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே பெண்பிள்ளைகளைக் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குக் கூட்டிப்போகும் ஓர் அக்கா தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயங்களுக்கு வந்துபோவாள். நான் அதையே நாடகமாக்கினேன். ஒருத்தி என் சால்வையைப் போர்த்திக்கொண்டு அந்த அக்காவாக வருவாள். பரீட்சை எழுதவிருந்த இன்னொருத்தி மறுத்துப் பேச வேண்டும். முதல் நாள் அவளுக்குக் குரலே வரவில்லை. மூன்றாம் வாரம் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எனக்குப் பரீட்ச இருக்குங்க. எழுதி முடிக்காம எங்கயும் வரமாட்டேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பயிற்சி தந்தவர்களுக்கு அனுப்பும் அறிக்கையில் அவளைப் பற்றியே ஒரு பக்கம் எழுதித் தள்ளினேன்.

அவள் அம்மா இடுப்பு வலியால் கொழுந்து மலை ஏற முடியாமல், சம்பளமில்லாமல் வீட்டில் இருப்பது எனக்குத் தெரியும். அதற்கு என்ன செய்வதென்று எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை தாள் வாங்க ஹட்டனுக்குப் போனேன். பஸ் நிலையத்தில் அவள் பையோடு நின்றாள். ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் அந்த அக்கா.

"நல்ல வீடு. நீங்களே எடுத்துச் சொல்லுங்க டீச்சர்," என்றாள் அக்கா.

அம்மா தரையைப் பார்த்தாள். பிள்ளை என்னைப் பார்த்தாள். அந்த வசனத்தை நானாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாள்.

"போனதும் ஒரு போன் பண்ணு, என்ன?" என்றேன். சீ, அதுதான் என் வாயில் வந்தது.

"சரிங்க டீச்சர்," என்று பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

திங்கட்கிழமை பிள்ளைகள் பாய்களைச் சுருட்டி நாடகத்துக்கு இடம் ஒதுக்கினார்கள். சால்வைக்காரி தயாராக நின்றாள். மறுத்துப் பேசத்தான் ஆளில்லை.

"டீச்சர், நீங்களே செய்ங்களேன்," என்றாள் ஒரு சின்னவள்.

எழுந்து போய் நின்றேன். "கொழும்புக்கு வர்றியா?" என்று சால்வைக்காரி கேட்டாள். வசனம் ஒரு சொல் பிசகாமல் எனக்குத் தெரியும். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

மழை வரப்போகிறது, வீட்டுக்குப் போங்கள் என்றேன். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.