போல்ட்டுக்கு அடியில் ஒட்டுப்பால்

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில் சுங்காய் பக்கம் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்த செம்மண் மேட்டில் நாங்கள் மோட்டார் சைக்கிள் பந்தயம் வைப்போம். எனக்கு ஓட்டவும் தெரியாது, ஒழுங்காக விழவும் தெரியாது. அதனால் என்னை மெக்கானிக் ஆக்கிவிட்டார்கள்.

அன்று நண்பன் செல்வத்தின் வண்டியில் இன்ஜினைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட் கழன்றுகொண்டே இருந்தது. புது வாஷர் வாங்கச் சோம்பல். மேட்டோரம் வெட்டாமல் விட்டிருந்த ரப்பர் மரத்தில், பால் வடியக் கீறிய கோட்டில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை உரித்து, போல்ட்டுக்கு அடியில் திணித்து முறுக்கினேன். கெட்டியாக நின்றது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"தாங்குமா மச்சான்?"

"தாங்கும் லா, நீ போ."

மூன்றாவது சுற்றில் சூட்டில் ரப்பர் இளகியது. போல்ட் தெறித்து, இன்ஜின் சாய்ந்து, அறுந்த சங்கிலி செல்வத்தின் கெண்டைக்காலைக் கிழித்தது. வண்டி அவன்மேல் புரண்டது. ஓடிப்போய் வண்டியைத் தூக்கினேன். சதைக்குள் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"போல்ட்ல என்னடா வெச்ச?"

"ஒட்டுப்பால்."

படுத்தபடியே என் மூக்கை உடைத்தான். "பொய்யாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!" இரண்டாவது குத்துக்கு நானே குனிந்து முகத்தைக் கொடுத்தேன்.

கால் பிழைத்தது, நொண்டல் போகவில்லை. அதன்பின் புது வாஷர் போட்டு முறுக்குவேன். சிறிது ஓட்டி, ஆறவைத்து, மறுபடி முறுக்குவேன். போல்ட்டிலிருந்து சட்டம்வரை சாயக்கோடு இழுப்பேன். கோடு விலகினால் போல்ட் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்; வண்டியை நகர விடமாட்டேன்.

செல்வம் இன்றும் என்னிடம்தான் வருகிறான். ஆனால் நான் முறுக்கியதைத் தானும் ஒருமுறை முறுக்கிப் பார்த்துத்தான் ஏறுவான். நான் ஸ்பானரைத் துடைத்து அவன் கையில் கொடுக்கிறேன்.