ட்ரைனிங் மிஸ்ஸுக்குக் கிடைத்த பதில்

பி.எட். இரண்டாம் ஆண்டில் எங்களைப் பள்ளிகளுக்குப் பயிற்சிக்கு அனுப்பும்போது கல்லூரியில் சொல்லிக் கொடுத்தது மூன்றே விஷயம். புடவை என்ன நிறம், ரெக்கார்டு நோட்டுக்கு எப்படி அட்டை போடுவது, பாடக்குறிப்பில் எந்த வரியைச் சிவப்பு மையில் அடிக்கோடிடுவது. வகுப்பில் உட்கார்ந்திருக்கப் போகும் பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

எனக்குக் கிடைத்தது நல்லம்பள்ளிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி, கணக்குப் பாடம். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் எட்டு மணி டவுன் பஸ்ஸை விட்டால் பிரேயருக்குப் போய்ச் சேர முடியாது. முதல் நாள் இரவெல்லாம் வரைந்த சார்ட்டைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி, முட்டி மோதி ஏறிப் போனேன். எனக்கு வழிகாட்ட வேண்டிய கணக்கு டீச்சர் அந்த சார்ட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"ஆறாங்கிளாஸ் டீச்சர் இன்னைக்கு லீவும்மா. நீ போயி சத்தம் வராம பாத்துக்க" என்றார்.

மறுநாள் ஏழாம் வகுப்பு. அதற்கு மறுநாள் மறுபடியும் ஆறாம் வகுப்பு. நடுவில் விடைத்தாள் திருத்துவது, மதிப்பெண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, சத்துணவு வரிசையை ஒழுங்கு பண்ணுவது. ஸ்டாஃப் ரூமில் எங்களுக்கு நாற்காலி கிடையாது. நடத்தாத பாடத்துக்கு நான் பாடக்குறிப்பு எழுதினேன், படிக்காமலே அவர் கையெழுத்துப் போட்டார். பயிற்சிக்குப் போகிறவர்கள் என்ன எதிர்பார்க்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். நீங்கள் அங்கே டீச்சர் இல்லை, புடவை கட்டிய கிளாஸ் லீடர்.

மூன்று வாரம் இப்படிப் போன பிறகு கல்லூரியிலிருந்து தகவல் வந்தது. வரும் வெள்ளிக்கிழமை பேராசிரியை வந்து நான் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போடுவார். கெஞ்சிக் கூத்தாடி ஆறாம் வகுப்பை அந்த ஒரு வாரத்துக்கு வாங்கினேன். திங்கள்கிழமை கேள்வி கேட்டேன், பதில் இல்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. எப்படி வரும்? மூன்று வாரமாக அந்தப் பிள்ளைகளை வாயில் விரல் வைக்கச் சொன்னவள் நான்தானே. கேட்டால் பதில் சொல்ல ஒரே ஒரு பிள்ளை கிடைத்தால் போதும் என்று ஆகிவிட்டது.

புதன்கிழமை எளிதாகவே கேட்டேன். "ஒரு எண்ணோட நாலைக் கூட்டினா ஏழு வருது. அந்த எண் எது?"

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன் மிஸ்' என்பதையே தரையைப் பார்த்துச் சொல்லும் பெண்.

"மூடு" என்றாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

"என்ன சொன்ன?"

"மூடு மிஸ்." இந்த முறை சத்தமாகவே சொன்னாள். லேசாகச் சிரிக்கவும் செய்தாள்.

ஸ்டாஃப் ரூமில் வாயை மூடிக்கொண்டு நின்ற மூன்று வார எரிச்சலும் அந்தப் பெண்ணின் தலையில் இறங்கியது. வாய்க்கு வந்தபடி திட்டி வெளியே அனுப்பினேன். பீரியட் முடியும்வரை வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றாள்.

இடைவேளையில் குழாயடியில், வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காரும் பெண் என்னிடம் வந்தாள். "மிஸ், அவ உங்கள ஒன்னும் சொல்லலீங்க. அவுங்க வூட்ல தெலுங்குங்க. மூணுக்கு மூடுன்னுதான் சொல்லுவாங்க."

சரியான பதில். அதனால்தான் சிரித்திருக்கிறாள்.

ஓடிப்போய்க் கணக்கு டீச்சரிடம் சொன்னேன். "ஆமா, அந்தத் தெருப் புள்ளைங்க பூரா தெலுங்குதான். உனக்கு யாரும் சொல்லலியா?" என்றார். சொல்ல வேண்டியவர் அவர்தான். வகுப்பில் எல்லார் முன்னாலும் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்றேன். "அதெல்லாம் வேணாம்மா. அப்புறம் உன் தலமேல ஏறி உக்காந்துக்கும்."

நானும் அவர் பேச்சைக் கேட்டுத் தொலைத்தேன். மாலையில் வராந்தாவில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது, உன் பதில் சரி என்றேன். தலையை ஆட்டினாள். திட்டியது நாற்பது பேர் முன்னால், மன்னிப்பு மட்டும் யாருக்கும் தெரியாமல். எவ்வளவு கேவலம் என்று அப்போதே எனக்கு உறைத்தது. உறைத்தும் வியாழக்கிழமை வகுப்பில் அதைப் பற்றிப் பேசவில்லை. பயிற்சிக்குப் போகிறவர்களே, முதல் நாளே யார் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுவிடுங்கள். தப்புச் செய்தால் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்ளுங்கள். வழிகாட்டி டீச்சர் என்ன சொன்னாலும் சரி.

வெள்ளிக்கிழமை பேராசிரியை கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். நான் வேண்டுமென்றே மூன்று விடையாக வரும் கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். எந்த மொழியில் சொன்னாலும் 'சரி, சபாஷ்' என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, அவளைப் பார்த்து, "நீ சொல்லும்மா" என்றேன்.

எழுந்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டு மூன்று விரலைக் காட்டினாள்.

"வாயத் தொறந்து சொல்லு. உங்க வூட்ல சொல்ற மாதிரியே சொல்லு."

விரல்கள் அப்படியே நின்றன. யாரும் சிரிக்கவில்லை. "சரிதான், உக்காரு" என்றேன்.

பேராசிரியை என் ரெக்கார்டில் எழுதினார்: 'பாடம் நன்று. மாணவர்களை வாய் திறந்து பதில் சொல்லப் பழக்க வேண்டும்.' கணக்கு டீச்சர் அதன் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, "நல்ல மார்க்குதான் போட்டிருக்காங்கம்மா, கிளாஸும் சத்தமே இல்லாம இருந்துச்சு" என்றார்.