எழுத்தில்லாத கற்கள்

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலைக்குப் போகும் எங்கள் பஸ், கல்முனையைத் தாண்டியதும் சில்லொன்றில் காற்றுப் போய் மையவாடியருகே நிற்கிறது. வீதியை அகலமாக்கப் போகிறார்களாம். அதற்குமுன் பழம்பொருள் தேட, சப்பாத்தில் மண் ஒட்டாமல் ஒரு துரை கொழும்பிலிருந்து வந்திருக்கிறார். உடைந்த சட்டித் துண்டொன்றைப் பஞ்சில் சுற்றுகிறார். போன கிழமை மீன் ஆணம் கொதித்த சட்டியாக இருக்கும். கரி அவர் விரலில் ஒட்டுகிறது.

மையத்துகளை அடக்கிய கபுறுகளின் தலைமாட்டில் மீசான் கற்கள் நிற்கின்றன. அவற்றில் பெயர் எழுதுவது இங்கே வழக்கமில்லை. வீதியின் எல்லை காட்டும் கட்டைகளோ அவற்றையும் தாண்டி அறையப்பட்டிருக்கின்றன. துரை பழமை என்று பதிந்தால் வீதி விலகும். இல்லையென்றால் கபுறுகளின் மேலே போகும்.

"இது எங்கட உம்மாட கபுறு, சேர். பக்கத்தில மூத்தம்மா, அவவுக்கும் மூத்தவங்க," என்கிறார் எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர். ஊருக்கே அவர் காக்கா, மூத்த அண்ணன்.

"கல்லில் எழுத்தே இல்லையே. எழுத்தில்லாததைப் பதிய முடியாது."

படித்தவராம்! எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். படிப்பை நினைத்து இன்றுதான் கூசுகிறேன்.

காக்கா குனிந்து எல்லைக் கட்டையொன்றைப் பிடுங்குகிறார். திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"இதிலயும் எழுத்தில்ல, சேர்."

கட்டை வாய்க்காலில் விழுகிறது. சில்லு மாற்றிய பஸ் ஹோன் அடிக்கிறது. நான் அடுத்த கட்டையைப் பிடித்து ஆட்டுகிறேன்.