கங்காணி கருப்பையாவின் மீசை

பூவம்மாவின் கணவன் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை சரிந்து செத்தது 1953இல். அடுத்த வருடம் அவள் சிராங்கூன் சாலையில் நெய்னா முகம்மது நடத்திய நாடகக் குழுவுக்கு உடுப்புத் தைக்கும் வேலையில் சேர்ந்தாள். ஒரு சனிக்கிழமை கோமாளி வேடக்காரன் குடித்துவிட்டுக் கிடந்தான். அரங்கம் நிறைந்திருந்தது. நெய்னா முகம்மது அவளுக்கு ஒரு கோட்டும் தலைப்பாகையும் கொடுத்து, வயிற்றில் துணியைச் சுற்றி, பசை தடவி மீசையை ஒட்டினார். ஐந்து நிமிடம் எதையாவது பேசிச் சமாளிக்கச் சொன்னார்.

என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றவளின் வாயில் செத்துப்போன கணவனின் பேச்சுதான் வந்தது. அதே கரகரப்பு, அதே செருமல்.

"குழம்புல உப்பு பத்தல. ஒண்ணு வச்சேன். அழுதா. கண்ணீரத் தொட்டுக்கிட்டேன், சரியாப் போச்சு."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்று பிறந்தவர்தான் கங்காணி கருப்பையா. சங்க விழா, கல்யாணம், கேளிக்கைப் பூங்கா என்று ஏழு வருடம் அந்தக் கங்காணிக்கு அழைப்பு வந்துகொண்டே இருந்தது. உள்ளே இருப்பது பெண் என்று நெய்னா முகம்மதுவைத் தவிர யாருக்கும் தெரியாது. கணவன் தன்னை அடித்த ஒவ்வொரு நாளையும் அவள் மேடையில் சொல்லித் தீர்த்தாள். சொன்னால் மனம் ஆறும் என்றுதான் முதலில் நம்பினாள். ஆறவில்லை. முன்வரிசையில் வாய் பிளந்து சிரிக்கும் முகங்களைப் பார்க்கப் பார்க்க அருவருத்தது. ஆனாலும் அடுத்த வாரமும் போனாள். தன்மேலேயே அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

1961இல் ஒரு சங்க விழா. மேடை ஏறுமுன் சுப்புராமன் என்ற கணக்கெழுதும் கிராணி வந்து தோளில் கைபோட்டான். வெற்றிலை எச்சில் அவள் கன்னத்தில் தெறித்தது.

"உங்க உப்புக் கதைய நம்ம வீட்டுல செஞ்சு பாத்தேன் லா, கங்காணி. அழுதா பாருங்க."

பூவம்மா பின்பக்கம் போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு மேடை ஏறினாள். சனம் உப்புக் கதையைச் சொல்லச் சொல்லிக் கூச்சலிட்டது. அவள் மீசையைப் பிடித்து இழுத்தாள். உதட்டுத் தோலோடு பிய்ந்து வந்தது. தலைப்பாகையை அவிழ்த்துக் கொண்டையைக் காட்டினாள்.

"அடி வாங்கினவ நாந்தான். இப்பச் சிரிங்க."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு சுப்புராமன்தான் எழுந்தான்.

"சீ, பொம்பளையா இது!" என்றான்.

கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. அவள் வாங்கிய அடியில் அவர்களுக்கு அருவருப்பு இல்லை. ஒரு பெண் தங்களைச் சிரிக்க வைத்திருக்கிறாள் என்பதுதான் அருவருப்பு. யாரோ சோடாப் புட்டியை வீசினார்கள்.

ஒரு மாதம் கழித்து நெய்னா முகம்மது அவள் அறை வாசலுக்கு வந்தார். பேர்தான் ஊரெல்லாம் பரவிவிட்டதே, இனிச் சேலையிலேயே ஏறலாம் என்றார். கங்காணியாக வேறொருவன் நடிப்பான், அவள் அடிவாங்கும் மனைவியாக வந்தால் போதும், கூட்டம் அள்ளும் என்றார்.

பூவம்மா கதவில் கைவைத்தாள்.

"நீங்க நல்ல மனுசன்னு நெனச்சேன், பாய்," என்றாள். கதவைச் சாத்தினாள்.

பிறகு ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலைக்குப் போனாள். இரத்தமும் சீழும் படிந்த விரிப்புகளைத் துவைத்தாள். அந்த நாற்றம் தாங்க முடிகிறதா என்று கூட வேலை பார்த்த மைமூன் ஒருநாள் கேட்டாள்.

"இது துவைச்சா போயிடும்," என்றாள் பூவம்மா.