மழை வந்தால் நின்றுபோகும் பெட்டி

"அக்கா, மழ புடிச்சிருச்சு. உங்க பெட்டி மறுபடியும் செத்துப்போச்சு லா! ஆறு ஏறுனா சைரன் யாரு ஊதுவா?"

போனில் சரோஜா. மலேசியாவின் சிகாமட்டில், நாங்கள் கம்பம் என்று சொல்லும் ஆற்றோரக் கிராமத்தில், எங்கள் கம்பெனியின் நீர்மட்டப் பெட்டியைப் பார்த்துக்கொள்பவர். வீடும் அங்கேதான். தண்ணீர் உயர்ந்தால் பெட்டி சிம் கார்டு வழியாகச் செய்தி அனுப்பும், ஊர் மண்டபத்துச் சைரன் ஊதும். அவ்வளவுதான் அதன் வேலை. அதைத்தான் அது மழைநாளில் செய்யவில்லை.

அதே மாதிரிப் பெட்டி தெப்ராவில், எங்கள் ஆபீஸில், என் மேசைமேல் மாதக்கணக்கில் சமர்த்தாக ஓடியது. எங்கோ மெமரி கசிகிறது, வாங்கிய மெமரியைப் புரோகிராம் திருப்பித் தராமல் விடுகிறது என்று சந்தேகப்பட்டு, அதைக் கண்டுபிடிக்கும் மெமரி டிபக்கரை ஓட்டினேன். அது கிளம்பவே மாட்டேன் என்றது. லைப்ரரி லோடிங் எர்ரர். லைப்ரரி இருக்கும் பாதையை மாற்றினேன், ஃபைல்களை மறுபடி காப்பி செய்தேன், மெஷினைத் திட்டவும் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

பக்கத்து மேசை ஸ்டீபன் எட்டிப் பார்த்தார். சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், நிதானமான ஆள்.

"எர்ரர முழுசா படிச்சீங்களா?"

"அலமாக், அவ்ளோ நீளம். யாரு படிப்பா?"

"கீழ மருந்தே எழுதியிருக்கு பாருங்க. லோடர்ல சிம்பல், அதான் ஃபங்ஷன் பேருங்க, இல்லையாம்."

நம் புரோகிராமின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே லோடர் எழுந்து, தேவையான லைப்ரரிகளை, அதாவது பிறர் எழுதிவைத்த பொதுப் புரோகிராம்களை, மெமரிக்குள் கூட்டி வருகிறது. டிபக்கர் அந்த லோடருக்குள் சில ஃபங்ஷன்களைப் பெயர் சொல்லித் தேடி, அங்கே தன் ஆளை உட்காரவைக்கும். நாங்களோ அப்டேட் சிறியதாக இருக்கட்டும் என்று எல்லா ஃபைலிலும் பெயர்களை நீக்கிவிடுவோம். லோடருக்கும் மொட்டை அடித்திருந்தோம்.

பெயர்களோடு உள்ள லோடரைப் போட்டதும் டிபக்கர் கிளம்பியது. ஆமை வேகம்தான். ஆனால் ஒவ்வொரு பைட்டையும் யார் வாங்கினார்கள், யார் திருப்பித் தந்தார்கள் என்று அது கணக்கு வைத்திருந்தது. நான் எழுதிய புரோகிராமுக்கு அடியில் இத்தனை பேர் வேலை செய்கிறார்களா என்று அந்தக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கசிவு மட்டும் தெரியவில்லை. ஸ்டீபன் என் மேசைப் பெட்டியின் ஆண்டெனாவைக் கழற்றினார்.

"மழையில அங்க லைன் கட் ஆகும்ல?"

கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். ரிப்போர்ட் வந்தது. லைன் அறுந்து திரும்பச் சேரும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு மெமரி தொலைந்துகொண்டிருந்தது. எல்லாம் தீர்ந்ததும் பெட்டி நின்றுபோகும். எந்த வரியில் என்றும் காட்டியது. மழை வெள்ளத்தைச் சொல்வதற்கென்று வைத்த பெட்டியை மழையே கொன்றுகொண்டிருந்தது.

திருத்தி அனுப்பினோம். அடுத்த பெருமழையில் சரோஜா கூப்பிட்டார். அவர் பேசியது எதுவும் கேட்கவில்லை. சைரன்தான் கேட்டது. அப்புறம் ஒரு மெசேஜ்: "எல்லாரும் மேட்டு ஸ்கூலுக்கு ஏறிட்டோம்கா."

ஆபீஸ் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எர்ரரைக் கடைசி வரி வரை படியுங்கள். நீங்கள் அலுத்துக்கொள்கிற நேரத்தில் எங்கோ ஒருவர் ஆற்றைப் பார்த்தபடி நின்றுகொண்டிருப்பார்.