முட்டிக்குக் கீழே தெரிந்தவர்கள்

எங்கள் தொழிலில் முகம் ஞாபகம் இருக்காது, கால்தான் ஞாபகம் இருக்கும். பஸ்ஸில் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால், குனிந்து கணுக்காலைப் பார்த்துவிட்டுத்தான் நான் திரும்பச் சிரிப்பேன்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சேவியர் அண்ணனின் சர்ஜிக்கல் கடையில் சேர்ந்தேன். வாக்கர், இடுப்பு பெல்ட், கழுத்துப் பட்டை எல்லாம் உண்டு. ஆனால் அதிகம் போவது வெரிகோஸ் சாக்ஸ்தான். நரம்பு சுருட்டிக்கொண்டவர்கள் காலில் மாட்டுகிற இறுக்கமான உறை. பெண்களின் காலை ஆண் அளந்தால் கூச்சப்படுவார்கள் என்று டேப் என் கைக்கு வந்தது. கணுக்கால், கெண்டைக்கால் என்று அளந்து முடிப்பதற்குள் அந்த ஆளின் குரலும் எனக்கு வந்துவிடும். அவர் படியிறங்கிப் போனதும் அதே குரலில் அண்ணனிடம் பேரம் பேசுவேன்.

நின்றபடியே சம்பாதிக்கிற என் இனத்தாரே, சாயங்காலமானால் கால் கனத்து, செருப்பு வார் பதிந்து, ராத்திரி கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறதா? வாருங்கள். உங்களை எனக்கு ஏற்கெனவே தெரியும்.

மூடாத கதவு

சங்கராபுரம் பஸ்ஸின் கண்டக்டர் ஒருவருக்கு எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்தாக வேண்டும். “நரம்பு ஏன் சுருட்டிக்குது? அத சொல்லு மொதல்ல” என்று டேப்பைப் பிடித்துக்கொண்டார். மாடியில் சனிக்கிழமை தோறும் வரும் வனஜா டாக்டர் சொல்வதை அப்படியே சொன்னேன், அவர் மூக்கால் பேசுவதை மட்டும் கழித்துவிட்டு. கால் ரத்தம் மேலே ஏறிப் போக வேண்டும். ஏறினது திரும்ப இறங்காதபடி ரத்தக் குழாய்க்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. நடந்தால் கெண்டைக்கால் சதை பிழிந்து பிழிந்து மேலே தள்ளும். நின்றுகொண்டே இருந்தால் தள்ள ஆளில்லை. நாளாக ஆகக் குழாய் விரிந்து, கதவு மூடாமல் போகிறது. ரத்தம் கீழேயே தேங்கிப் புடைக்கிறது.

கண்டக்டர் டேப்பை விட்டார். தன் காலைத் தட்டிச் சொன்னார்: “நம்ம வண்டி பின்கதவு மாதிரின்னு சொல்லு. கதவு மூடல, ஆளு இறங்கிக்கினே இருக்கான், நாம வெறும் விசில் ஊதிக்கினு நிக்கிறோம்.”

நல்ல துணி

புரோட்டா மாஸ்டர் ஒருவர், சாக்ஸ் வாங்கிய பிறகும் வீக்கம் கம்மியாகவில்லை என்று சண்டைக்கு வந்தார். சாக்ஸைக் கையோடு கொண்டுவந்திருந்தார். புதுக் கருக்கு அழியாமல் இருந்தது. “எப்போ மாட்டுறீங்கண்ணா?” என்று கேட்டேன். வேலை முடிந்து, குளித்து, பவுடர் போட்டு, படுக்கும்போது மாட்டுகிறாராம். விடிந்ததும் கழற்றி, மடித்து, பீரோவில் வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறாராம்.

“தலைகீழாண்ணா! காலையில எழுந்ததும், வீக்கம் ஏறுறதுக்கு முன்னாடி மாட்டணும். படுக்கும்போது கழட்டணும்” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அப்படியொரு பரிதாபம். “கல்லு கிட்ட நின்னா எண்ணெ தெறிக்கும் பாப்பா. நல்ல துணிய எவனாவது வேலைக்குப் போட்டுக்கினு போவானா?”

கடைக்காரர் கால்

இத்தனை பேருக்குச் சொல்கிற சேவியர் அண்ணன், தான் மட்டும் சாக்ஸ் மாட்ட மாட்டார். அவர் இடது கெண்டைக்காலில் ஓடும் நரம்புக்கு இருக்கிற வளைவு, வெள்ளிமலை ஏறுகிற ரோட்டுக்குக்கூட கிடையாது. கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, அரிப்பெடுத்து, அவர் சொறிந்துகொண்டே இருப்பார். வனஜா டாக்டர் ஒருநாள் பார்த்துவிட்டு, ஸ்கேன் எடுத்து லேசர் செய்துகொள்ளச் சொன்னார். விட்டால் அந்த இடம் புண்ணாகும், இல்லை லேசாக அடிபட்டாலே பொத்துக்கொண்டு ரத்தம் கொட்டும் என்றார். அன்றிலிருந்து அண்ணன் சனிக்கிழமைகளில் டாக்டர் படியேறும் நேரம் பார்த்து டீ குடிக்கப் போய்விடுவார். பகல் முழுக்க நிற்பார். ஸ்டூல் போட்டால் அதில் பில் மெஷினை வைத்துவிடுவார்.

“இன்னாண்ணா, நம்ம கடை சரக்குமேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “ஊருக்கே சாக்ஸ் விக்கிறவன் காலே இப்படின்னு தெரிஞ்சா, எவன் வாங்குவான்?”

வடக்கும் தெற்கும்

துணிக்கடையில் புடவை பிரித்துப் போடும் தனம் அக்காவுக்கு, ராத்திரி தலையணையில் காலைத் தூக்கி வைத்துப் படுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். இதயத்துக்கு மேலே இருக்கணும், அவ்வளவுதான். தனம் அக்கா மறுவாரமே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வடக்கே தலை வைக்கக் கூடாது. தெற்கே வைத்தால் கால் சாமி அலமாரியைப் பார்க்கிறது. மேற்கே தலை வைத்தால் கால் வாசல்பக்கம் கட்டில் போட்டிருக்கும் மாமனாரை நோக்கி. கிழக்கே வைத்தால் கால் பீரோவில் இடிக்கிறது.

“எங்க வூட்டுல எந்தப் பக்கம் நீட்டினாலும் மாதா படம்தான்” என்று அண்ணன் ஆறுதல் சொன்னார். தனம் அக்கா மனசு ஆறாமல் போனார். அடுத்த மாதம் வந்தபோது வீக்கம் நன்றாகவே வடிந்திருந்தது. எப்படி என்று கேட்டேன். “சாமிய இடம் மாத்திட்டேன் பாப்பா. மாமனாரத்தான் ஒரு இன்ச் நகத்த முடியல.”

முடிச்சுப் போட்ட கயிறு

கல்வராயன் மலையிலிருந்து ஓர் அக்கா, தம்பிக்குச் சாக்ஸ் வாங்க வந்தார். தம்பி வரவில்லை. அவன் கால் அளவு மட்டும் ஒரு கயிற்றில் முடிச்சு முடிச்சாக வந்திருந்தது. அளந்து பார்த்தால், எங்கள் கடையில் இருப்பதிலேயே பெரிய சைஸைத் தாண்டியது. சந்தேகப்பட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது, லுங்கிக்கு மேலே சுற்றி அளந்திருக்கிறார். தம்பி வெட்கப்படுவானாம்.

அவனையே கூட்டிவரச் சொன்னேன். வந்தான். சென்னையில் ஏதோ கட்டிடத்துக்கு வாட்ச்மேன். கேட்டருகில் நின்று நின்று கால் ரெண்டும் வீங்கியிருந்தது. மாடியில் டாக்டரிடம் காட்டிவிட்டு அளவெடுத்தோம். நான் அளக்கும்போது அக்கா பக்கத்திலேயே நின்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தார்: “மலையில ஏறி இறங்கிக்கினு இருந்த வரைக்கும் காலுக்கு ஒண்ணும் ஆகல. கீழ போயி சும்மா நின்னான், கெட்டுப் போச்சு!”

தினமும் சனிக்கிழமை

வனஜா டாக்டரின் குரல் எனக்கு மற்ற எல்லாக் குரலையும்விட நன்றாக வரும். பாதி மூக்கு, பாதி உத்தரவு. ஸ்டாக் அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு, “சேவியர்! இன்னும் நின்னுட்டுதான் இருக்கீங்களா? காஆஆலை மேலே!” என்பேன். அண்ணன் திடுக்கிட்டு உட்கார்ந்து, அட்டைப்பெட்டிமேல் காலைத் தூக்கி வைத்துவிடுவார். நான் வெளியே தலையை நீட்டியதும் கையில் கிடைத்ததை எடுத்து எறிவார். பெரும்பாலும் பஞ்சு உருண்டைதான். ஆனாலும் வைத்த காலை உடனே எடுக்கக் கௌரவம் இடம் கொடுக்காது. கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். எனக்கு அது போதும்.

மறுநாளும் செய்வேன். மறுநாளும் ஏமாறுவார். ஒருநாள் தாங்காமல் கையெடுத்துக் கும்பிட்டார்: “அந்தம்மாவுக்கு நான் சனிக்கிழமைதான் பயப்படுவேன். உன்னால எனக்கு தினமும் சனிக்கிழமையா ஆயிடுச்சு!”

செவ்வாய்க்கிழமை

வீல்சேர் பெட்டியை இறக்கும்போது அதன் தகர விளிம்பு அண்ணன் கணுக்காலில் உரசியது. கறுத்துப்போன அதே இடம். ஒரு கீறல்தான். ஆனால் பேண்ட்டைத் தூக்கிப் பார்ப்பதற்குள் ரத்தம் பீய்ச்சிச் செருப்பு நிறைந்துவிட்டது. “ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்று அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டார். கதவில்லாத குழாய், தொங்கின கால், கேட்க வேண்டுமா? இன்னும் வேகமாக வந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் காப்பித்தூளோடு ஓடிவந்தார். ஷேர் ஆட்டோ டிரைவர் முட்டிக்குக் கீழே துண்டை இறுக்கிக் கட்டப் போனார். அண்ணன் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

கத்த வாயைத் திறந்தேன். என் குரல் வரவில்லை. ஊரிலுள்ள எல்லார் குரலும் வரும், அன்றைக்கு என்னுடையது மட்டும் வரவில்லை. வந்தது வேறு குரல்: “படுக்க வைங்க! காஆஆலை மேலே! இதயத்துக்கு மேலே! காப்பித்தூள் தொடக் கூடாது. துண்டு கட்டாதீங்க!” டீக்கடைக்காரர் அட்டென்ஷனில் நின்றார். டிரைவர் “சரிங்க மேடம்” என்று அண்ணனைத் தரையில் சாய்த்து, காலைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார். அலமாரியிலிருந்து, காயத்துக்கு வைக்கும் காஸ் துணியை எடுத்து நான் அந்த இடத்தில் அழுத்தினேன். எடுத்து எடுத்துப் பார்க்காமல், விடாமல் அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது. அழுத்தின கையை எடுக்காமலே ஆட்டோவில் ஏற்றினோம். பின்சீட்டில் படுத்திருந்த அண்ணனின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் மெல்லக் கண்ணைத் திறந்தார். “ஜெனி... இன்னிக்கு செவ்வாக்கிழமையாச்சே. டாக்டரம்மா எப்ப வந்தாங்க?”

நேருக்கு நேர்

ஸ்கேன், பிறகு லேசர். லேசர் முடிந்த அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். விடியக்காலையில் வீக்கம் ஏறுவதற்குள் அவர் வீட்டுக்கே போய் அளவெடுத்தேன். கூச்சப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இப்போது காலையில் மாட்டிக்கொண்டுதான் கடைக்கு வருகிறார். “இறுக்குது, வேர்க்குது, எவன் இதைக் கண்டுபிடிச்சான்” என்று வாடிக்கையாளர்கள் சொல்கிற எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறார். பேண்ட்டைத் தூக்கிக் காட்டித்தான் வியாபாரமே செய்கிறார். ஒருத்தரும் வாங்காமல் திரும்பிப் போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை வனஜா டாக்டர் நேராக எங்கள் கடைக்குள் வந்தார். ஆட்டோ டிரைவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். “எங்கே, என்னை மாதிரி பேசிக் காட்டு” என்றார். அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் கூரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் “காஆஆலை மேலே!” என்றேன். அனிச்சையாக அண்ணன் கால் பெட்டிமேல் ஏறியது. டாக்டர் முகம் சுண்டிப்போய், “நான் இவ்வளவு மூக்காலயா பேசுறேன், சேவியர்?” என்று கேட்டார். அண்ணன் பவ்யமாக எழுந்து நின்றார், உடனே பயந்து உட்கார்ந்தார். “இல்லீங்க மேடம். இவ கொஞ்சம் கம்மியா பண்றா.”

ஆக, கள்ளக்குறிச்சி முழுக்கக் காலை நீட்டி உட்காரச் சொல்லும் இந்தக் கடையில், இருந்த ஒரு நாற்காலியையும் அட்டைப்பெட்டியையும் அண்ணன் பிடித்துக்கொண்ட பிறகு, காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டே இருப்பது நான் ஒருத்திதான்.