வலது கன்னத்துக்குக் கத்தி, இடது கன்னத்துக்கு ரேசர்

என் தாய்மாமன் இராஜாங்கத்துக்கு நெல்லைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. உலகத்தில் முளைக்கிற எல்லாமே நெல்தான் என்று அவர் நினைத்துக்கொண்டதுதான் சிக்கல்.

அவர் கதிர் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறார். நன்னிலம் பக்கம் சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் அவரை வீட்டில் பார்க்க முடியாது. வயலில் பார்க்கலாம், அதுவும் தூசிக்கு நடுவே கண்ணும் பல்லும் மட்டும். சேற்றில் புதைந்த டிராக்டரை இழுத்துவிடுவார், நின்றுபோன பம்புசெட்டை உதைத்தே ஓட வைப்பார், தாடியை மட்டும் தொட மாட்டார். சீசன் முடிந்து சலூன் நாற்காலியில் உட்கார்ந்தால் தாடிக்குள்ளிருந்து பதர் கொட்டும். ஒரு தடவை முழு நெல்மணியே விழுந்ததாம். சலூன்காரர் அதை எடுத்துக் காட்டியபோது, "ஈரப்பதம் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டாராம் மாமா.

எங்கள் குடும்பத்தில் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் மடியில்தான் காது குத்தினார்கள், எனக்கும் சேர்த்து. தை மாதம் அனுசுயா சித்தியின் மகள் கயல்விழியின் முறை வந்தது. சித்தி அவருடைய கடைசித் தங்கை. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. வேண்டிக்கொண்டபடி வேளாங்கண்ணியில் மொட்டை போட்ட அன்று மாமா அறுவடையில் மாட்டிக்கொண்டார். அதனால் காதுகுத்துக்காவது தன் மடி வேண்டும் என்று துடியாய்த் துடித்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் வந்து இறங்கினார். குழந்தையைத் தூக்கினார், கன்னத்தோடு கன்னம் வைத்தார். கயல்விழி போட்ட சத்தத்தில் வாய்க்கால் கரையில் இருந்த கொக்கெல்லாம் பறந்தன.

"அண்ணே, அது கன்னமா, அறுத்த வயலா?" என்று குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள் சித்தி. "செருப்பில்லாம நடந்தா குத்துற மாதிரி குத்துது. பச்சப்புள்ள எப்படித் தாங்கும்?"

"புதன்கிழமைக்குள்ள சரி பண்ணிடுறேம்மா."

"பண்ணுங்க. அன்னைக்கும் இது கத்துச்சுன்னா இவங்க அண்ணன் மடியிலதான் உக்கார வைப்பேன். அப்பறம் எம்மேல கோவப்படக்கூடாது."

இவங்க அண்ணன் என்றால் சித்தப்பாவின் அண்ணன் நெடுமாறன். தினமும் சவரம் செய்து பவுடர் போடுகிறவர். முகம் பீங்கான் தட்டு மாதிரி இருக்கும். தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது பெரியப்பன் மடியா? மாமா அன்றைக்குச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, சலூன் லீவு. வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்றால் மாமாவின் மனைவி மலர்க்கொடி அத்தை விடவில்லை. "செவ்வாக்கெழம மூஞ்சில கத்தி வச்சீங்க, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்." புதன்கிழமை சலூன் திறக்க எட்டு மணி ஆகும். காதுகுத்து ஏழரைக்கு. ஆக, புதன்கிழமை விடியலில் மாமா தானே சவரம் செய்துகொள்வது என்று முடிவாயிற்று.

அவரிடம் ஒரு கத்தி இருந்தது. மடக்குகிற, பழைய மாதிரி சவரக்கத்தி. நாகூரில் கடை வைத்திருக்கும் லியாகத் அலிக்கு நன்னிலம் பக்கம் நிலம் உண்டு. ஒரு வருஷம் மழையில் படுத்த அவருடைய நெல்லை மாமா ஒரு மணிகூட வீணாகாமல் அறுத்துக் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தில், "வச்சுக்கங்க டிரைவர்" என்று கடையின் கண்ணாடி அலமாரியிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த கத்தி அது. மாமா அதை மிஷின் டூல்ஸ் பெட்டியில் ஸ்பானர்களோடு வைத்திருந்தார்.

நான் என் ரேசரைக் கொண்டுபோனேன். இரண்டு பக்கமும் பிளேடு தெரியும் சேஃப்டி ரேசர். முதல் சம்பளத்தில் ஆன்லைனில் வாங்கியது. நான் பி.எஸ்சி. விவசாயம். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலைத் தாண்டிய முதல் ஆள். எனக்குத் தாடி இன்னும் சரியாக முளைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

"இது எதுக்குடா மாப்ள? கத்தி இருக்கு. வீடியோவும் பாத்துட்டேன்" என்றார் மாமா.

"எங்க பாத்தீங்க?"

"மிஷின் ஓட்டிக்கிட்டேதான். இஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. பாத்தா போதாதா?"

"வேணாம் மாமா. ரேசர்தான் பாதுகாப்பு."

"நாத்து நடுற மிஷினு மாதிரி இருக்கு. இத வச்சு அறுக்கச் சொல்றியா?"

விடிந்துகொண்டிருந்தது. அத்தை காப்பியோடு வந்து தீர்ப்பு சொன்னாள். "ஆளுக்கொரு கன்னம் எடுத்துக்கிட்டு சீக்கிரம் முடிங்க. ஏழரைக்கு அங்க இருக்கணும்."

எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரே நிலம், இரண்டு முறை. காலேஜில் ஒப்பீட்டுத் திடல் என்று இதைத்தான் படித்தோம். வலது கன்னம் கத்திக்கு, இடது கன்னம் ரேசருக்கு. நடுவில் மீசை வரப்பு. வரப்பில் கை வைக்கக்கூடாது என்று மாமா கறாராகச் சொல்லிவிட்டார்.

மாமா வாசலில் நின்ற மிஷினின் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் அவர் முகம் தூரத்தில் வரும் லாரி மாதிரி தெரிந்தது. நான் வெந்நீர்ச் சொம்பை நீட்டினேன்.

"முகத்த நல்லா ஊற வைங்க மாமா."

"படிச்சவன் பேசுற பேச்சாடா இது? அறுப்புக்கு முன்னாடி எவனாவது தண்ணி கட்டுவானா? வடிச்சுல்ல விடணும்?" துண்டால் கன்னத்தை அழுத்தித் துடைத்துக் காயவைத்தார்.

"சோப்பாச்சும் போடுங்க."

"அது போடுறேன். அதான் வீடியோல இருந்துச்சு."

அடுத்து, தாடியைத் தடவிப் பார்த்தார். "எல்லாம் கீழ்ப்பக்கமா படுத்திருக்கு."

படுத்த நெல்லை அது படுத்த பக்கமாகவே அறுத்தால் மிஷின் கதிரை அமுக்கிக்கொண்டு மேலே ஏறிப் போய்விடும். எதிர்ப்பக்கமிருந்து வந்தால்தான் தூக்கி அறுக்கும். டெல்டாவில் இதை மாமாவைவிட நன்றாகத் தெரிந்த டிரைவர் கிடையாது. கத்தியைத் தாடைக்குக் கீழே வைத்தார். மேல்நோக்கி ஓட்டினார்.

"ஆ!"

"மாமா, தாடியக் கீழ்நோக்கித்தான் எடுக்கணும்!"

"சும்மா இருடா. படுத்த பயிருன்னா அப்படித்தான் கொஞ்சம் இழுக்கும்."

கன்னத்தின் உச்சிக்குப் போவதற்குள் பல தடவை இழுத்தது. ஒவ்வொரு தடவையும் மாமா என்னை முறைத்தார், ஏதோ கத்தி என் கையில் இருப்பது போல. முடி என்னவோ போய்விட்டது. போன இடமெல்லாம் சிவப்புப் புள்ளி.

அத்தை ஓடிவந்தாள். கைக்கு அகப்பட்டது மாமாவே அச்சடித்து வைத்திருந்த ரோஸ் கலர் நோட்டீஸ், 'கதிர் அறுக்கும் செயின் மிஷின் வாடகைக்குக் கிடைக்கும்' என்று. அதைச் சின்னச் சின்னதாகக் கிழித்துப் புள்ளிக்கு ஒன்றாக ஒட்டினாள்.

இடது கன்னத்துக்கு மாமா எதிர்த்துப் பேசவில்லை. ஊறவைத்து, கீழ்நோக்கி, அழுத்தாமல் ரேசரை ஓட்டினார். வழுவழுவென்று வந்தது. தாடை மூலையில் மட்டும் ஒரு கொத்து நின்றுவிட்டது. மிஷின் திரும்ப முடியாத வயல் மூலையில் நிற்குமே, அந்த மாதிரி. அதைக் கவனிக்க நேரமில்லை.

"பாத்தீங்களா?" என்றேன். ஒரு பட்டதாரிக்கு இதைவிட என்ன வேண்டும்?

காளியம்மன் கோவில் மண்டபத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். மாமா உள்ளே வந்தார். அவர் கன்னத்து நடுவில் இருந்த துண்டில் 'வாடகைக்கு' என்று தெளிவாகப் படிக்க முடிந்தது.

"என்ன இராஜாங்கம், மூஞ்சிய வாடகைக்கு விட்டுட்டியா? மாசம் எவ்வளவு?" என்று யாரோ கேட்டார்கள்.

மாமா நேராகப் போய் மனையில் உட்கார்ந்தார். நெடுமாறன் பக்கத்திலேயே வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மடி தயாராக நின்றார். பவுடர் வாசனை அடித்தது. சித்தி குழந்தையை மாமா மடியில் வைத்தாள். நான் முன்னாலேயே சொல்லியிருந்தபடி மாமா இடது கன்னத்தைக் காட்டினார், என் கன்னத்தை. கயல்விழி அதைத் தொட்டுப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. நெடுமாறன் கையை நீட்டினார்.

மாமா பயந்துபோய்த் தலையைத் திருப்பினார். வலது கன்னம் வந்தது.

குழந்தையின் உதடு உள்ளே போயிற்று. ஒரு ரோஸ் துண்டைப் பிய்த்தாள். பார்த்தாள். சிரித்தாள். இன்னொன்றைப் பிய்த்தாள். துண்டு வந்த இடத்தில் ரத்தம் எட்டிப் பார்த்தது. மாமா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "பிய்யிடா தங்கம், பிய்யி." 'வாடகைக்கு' துண்டு போனபோது காது குத்த வந்திருந்த பத்தர் ஒரு காதில் குத்தி முடித்திருந்தார். குழந்தைக்குத் தெரியவே இல்லை.

அடுத்த காதுக்காகக் குழந்தையை மறுபக்கம் திருப்புவதற்குள் துண்டெல்லாம் தீர்ந்துவிட்டது. கயல்விழி சுற்றுமுற்றும் பார்த்தாள், உதடு மறுபடி பிதுங்க ஆரம்பித்தது.

"மலரு! நோட்டீஸ கொண்டா!" என்று மாமா கத்தினார்.

அத்தை இடுப்பிலிருந்து நோட்டீசை எடுத்துக் கிழித்து, இப்போது குழந்தைக்கு எதிரில் இருந்த இடது கன்னத்தில் ஒட்டினாள். வழுவழு கன்னத்தில் ஒன்றுமே நிற்கவில்லை. கடைசியில் தட்டிலிருந்த சந்தனத்தை அள்ளிப் பூசி அதன் மேல் ஒட்டினாள். குழந்தை சந்தனத்தோடு சேர்த்துப் பிய்த்தது. இரண்டாவது காதும் முடிந்தது.

போட்டோ சித்தி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் காது குத்திக்கொண்ட குழந்தை சிரிக்கிறது, மடியில் வைத்திருக்கும் தாய்மாமன் கண்ணில் தண்ணீர்.

அன்றைக்குப் பந்தியில் மாமா என்னைப் பார்த்து, "எந்தப் பக்கம் மகசூல்னு பாத்தியா மாப்ள?" என்றார்.

"ரெண்டாவது காது என் பக்கம் மாமா."

"அது சந்தனத்துக் கணக்குடா."

சாப்பிட்டுக் கை கழுவியதும் சலூனுக்கு நடந்தார், தாடை மூலையில் நின்ற அந்தக் கொத்தை எடுக்க.